இரண்டு பத்துக்கே நிரம்பியிருந்த மூன்று மணிக் கட்டம்

மதியம் ஒன்று நாற்பதுக்கு என் மகள் சௌமியா, "அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா" என்றாள். அவள் கட்டிலுக்கும் என் நாற்காலிக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. கையை நீட்டினால் அவள் மணிக்கட்டு. முப்பத்து மூன்று வருடம் நர்ஸ் வேலை பார்த்த நான் கையை நீட்டவில்லை. எழுந்து போய், கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். ஒன்றரை மணிக் கட்டத்தில் நாடி எண்பத்து நான்கு, ரத்த அழுத்தம் நூற்றுப்பத்துக்கு எழுபது என்று எழுதியிருந்தது. "எல்லாஞ் சரியாத்தான் இருக்குது சாமி. பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும். கண்ணை மூடித் தூங்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த அட்டையில் இருந்த தாளுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தவளே நான்தான்.

இந்த மருத்துவமனையின் தரப் பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளைகள், ஆண்டு மலருக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்க காலத்துல எப்படி அளந்தீங்க, எப்படி எல்லா மாசமும் நல்ல எண் வந்துச்சு, அதை எழுதுங்க சிஸ்டர்" என்றார்கள். ஓய்வு பெற்ற பிறகு புதுச்சத்திரத்தில் வீட்டோடு இருப்பவள் நான், நேரத்துக்குக் குறைவில்லை. அப்போதே எழுதியிருந்தால் பெருமையான கட்டுரையாக இருந்திருக்கும். மகளின் பிரசவத்துக்குப் பிறகு எழுதுவதால் இப்படித்தான் வருகிறது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சேலத்தில் மூன்று வருட நர்ஸ் படிப்பு. வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போடுவதும், பரீட்சைக்கு முந்திய வாரம் அழுவதுமாக அது முடிந்தது. பிறகு நாமக்கல்லில் இந்த மருத்துவமனை. முதலில் ஆண்கள் வார்டு, அடுத்து பிரசவ வார்டு. கடைசிப் பத்து வருடம் தரப் பிரிவு.

நான் பிரசவ வார்டில் இருந்த காலத்து மேட்ரன் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். குள்ளமான உருவம், சத்தமில்லாத செருப்பு. அவர் வார்டுக்குள் வந்தது நமக்குத் தெரியும்போது மூன்று கட்டில் தாண்டியிருப்பார். நோயாளியிடம் நலம் விசாரிப்பார், தலையணையைச் சரி செய்வார், கடைசியில் அட்டையை எடுப்பார். ஒரு நாள் என் வார்டில் பன்னிரண்டு அட்டைகளையும் பார்த்து முடித்துவிட்டு, என்னை மட்டும் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, உன் வார்டுல யாருக்கும் ஒத்தப்படையில நெஞ்சு அடிக்கிறதே இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விரலால் காட்டினார். எழுபத்தாறு, எண்பது, எண்பத்து நான்கு, எழுபத்தாறு. எல்லாம் இரட்டைப்படை. நாடியைப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் இரட்டைப்படைதான் வரும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினாலும் அதுதான். முழு நிமிடம் கையைப் பிடித்து எண்ணினால் மட்டுமே எழுபத்தேழும் எண்பத்து மூன்றும் வரும். "பாதிக்குப் பாதி ஒத்தப்படை இருக்கணும். இல்லைன்னா நீங்க எண்ணலை, கணக்குப் போட்டிருக்கீங்க" என்றார். திட்டவில்லை. அட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு, முதல் கட்டிலில் இருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு முழு நிமிடம். சும்மா நின்று பார்த்தால் அது எவ்வளவு நீளமான நேரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது விரலில் மாட்டும் கருவி வந்துவிட்டது, அது ஒற்றைப்படையும் காட்டும். ஆனால் ஒரு வார்டுக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்ற கட்டில்களுக்கு இன்றும் விரலும் கடிகாரமும்தான்.

மேட்ரன் அம்மா ஓய்வு பெற்றுப் போனார். தரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்ததும் என்னைத் தரப் பிரிவுக்குப் போட்டார்கள். அங்கே நான் கற்றுக்கொண்ட நல்ல பாடம் ஒன்று உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் பின்னால் என் காலை ஓட வைத்தது.

வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் கருத்துப் படிவம் கொடுப்போம். ஐந்து முகம் வரைந்திருக்கும். சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை. எல்லோரும் சிரிக்கிற முகத்தில்தான் கோடு போடுவார்கள். ஒரு பெரியவர், திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் லாரி வைத்திருந்தவர். இரண்டு முறை மருந்து தாமதமாக வந்தது என்று வார்டே அதிரச் சத்தம் போட்டவர். படிவத்தில் பார்த்தால் எல்லா வரிசையிலும் சிரிப்பு. "ஏனுங்கய்யா, அன்னைக்கு அந்தப் பேச்சுப் பேசுனீங்க?" என்றேன்.

"பேசுனது பேசுனதுதானுங்க. எழுத்துல எப்படீங்க குடுக்கறது? நாளைக்கே என்ற ஊட்டுக்காரிக்கு ஒண்ணுன்னா மறுக்காவும் இங்கதானுங்களே வரோணும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் முகம் காட்டிக் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். வேறொரு கேள்வி கேட்பேன். "உங்க ஊட்டுல இருந்து அடுத்தாப்ல ஒருத்தர் இங்க வந்து படுத்தா, கூட இருக்கறவங்களுக்கு என்ன சொல்லி அனுப்புவீங்க?" அப்போது உண்மை கொட்டும். "கொசுவர்த்தி எடுத்துட்டு வரச் சொல்லுவனுங்க." "மூணாம் மாடிக் கக்கூசுக்குப் போகாத, ரெண்டாம் மாடிக்குப் போன்னு சொல்லுவேன்." ஆட்டையாம்பட்டி அம்மா ஒருவர் சொன்னார்: "ரெண்டு மணிக்கு மேல பெல்லை அமுத்திட்டு உக்காந்திராத, எந்திரிச்சு ஓடிப் போய்க் கூப்புடுன்னு சொல்லுவனுங்க சிஸ்டர்." ஷிப்டு மாறும் நேரத்தைத்தான் அந்த அம்மா சொன்னார். எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு அறிக்கையிலும் சேர்த்தேன்.

அந்த நேரத்தைச் சரி செய்ய நான் செய்த காரியம்தான் தப்பாகப் போனது.

ஷிப்டு மாறும் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள்தான் அட்டைகளில் காலிக் கட்டங்கள் அதிகம். மாதக் கூட்டத்தில் வார்டு வாரியாகக் காலிக் கட்டங்களைச் சிவப்பில் போட்டுக் காட்டத் தொடங்கினேன். எந்த வார்டு, எந்தத் தேதி, யார் ஷிப்டு, எல்லாம் திரையில் பெரிதாகத் தெரியும். மூன்றே மாதத்தில் சிவப்பு காணாமல் போனது. நிர்வாகம் பாராட்டியது. பரிசோதிக்க வந்த வெளியூர்க் குழுவும் பாராட்டியது. வார்டில் நர்ஸ்கள் தங்களுக்குள், "கோலம் போட்டாச்சா?" என்று கேட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். கட்டத்தை எண்களால் நிரப்புவதற்கு அவர்கள் வைத்த பெயர் அது. என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்குவார்கள். பார்க்காமலேயே நிரப்புவதைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பெரிய அறிவு தேவையில்லை. ஆனாலும் விசாரிக்கவில்லை. எண்கள் நன்றாக இருந்தன.

ஒரே ஒரு பெண் மட்டும் காலியாக விட்டுக்கொண்டிருந்தாள். தேன்மொழி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்டேன்.

"இந்த நாலு கட்டம் ஏன் காலி?"

"பாக்கலீங்க சிஸ்டர். அதனால எழுதலீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "பார்க்காதது ஒரு தப்பு, எழுதாதது அதைவிடப் பெரிய தப்பு" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த மகேஸ்வரி, பதினோரு வருட அனுபவம் உள்ளவள், அவள் தோளைத் தட்டி, "போகப் போகப் பழகிக்குவே" என்றது என் காதிலும் விழுந்தது.

சௌமியாவின் பிரசவம் அதே மருத்துவமனையில்தான் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. மாப்பிள்ளை குமாரபாளையத்தில் தறி வைத்திருக்கிறார். "பவானியிலேயே பாத்துக்கலாமுங்க அத்தை, பக்கம்" என்றார். நான்தான் பிடிவாதமாக இங்கே கூட்டி வந்தேன். காலை பத்து பத்துக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை. பன்னிரண்டே காலுக்கு வார்டுக்கு மாற்றினார்கள். காலை ஷிப்டில் மகேஸ்வரி. அரை மணிக்கு ஒரு தரம் நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். பன்னிரண்டரைக்கும் ஒரு மணிக்கும் அவள் வந்து பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளை குழந்தையைப் பார்த்துவிட்டுத் தறிக்குப் போனார். ஒன்றேகாலுக்கு நான் சாப்பிடப் போனேன். அந்த நேரத்தில் சிசேரியன் முடிந்த ஒரு அம்மாவைக் கொண்டு வந்தார்கள். விரலில் மாட்டும் ஒரே கருவியும், மகேஸ்வரியும், இன்னொரு நர்ஸும் அந்தக் கட்டிலுக்குப் போய்விட்டார்கள். ஒன்று முப்பத்தைந்துக்கு நான் திரும்பி வந்தேன். ஐந்து நிமிடம் கழித்து, முதலில் சொன்ன அந்த வார்த்தையைச் சௌமியா சொன்னாள்.

இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். மறுபடியும் கேட்டாள். உட்கார முடியவில்லை என்று ஒருக்களித்துப் படுத்தாள். நெற்றியில் வேர்வை. மின்விசிறியைக் கூட்டிவிட்டேன். மனசு உறுத்தியது, எழுந்து மறுபடியும் அட்டையைத்தான் பார்த்தேன். முன்பு ஒன்றரை மணிக் கட்டத்தோடு கண்ணை எடுத்துவிட்டிருந்தேன். இரண்டு மணிக் கட்டத்தில் எண்பது. நூற்றுப்பத்துக்கு எழுபது.

நான் அரை மணி நேரமாக அதே நாற்காலியில் இருக்கிறேன். இரண்டு மணிக்கு யாரும் வரவில்லை.

அடுத்த கட்டம் இரண்டரை. எண்பத்து நான்கு. அதற்கடுத்தது மூன்று மணி. எண்பது. சுவரில் கடிகாரம் இரண்டு பத்து காட்டியது. எண்பது, எண்பத்து நான்கு, எண்பது. ஒன்றுகூட ஒற்றைப்படை இல்லை. அடுத்த ஷிப்டுக்குச் சிவப்பு வரக்கூடாது என்று மகேஸ்வரி, நான் சாப்பிடப் போயிருந்தபோதே மூன்று மணி வரை கோலம் போட்டு வைத்திருந்தாள்.

அப்போதுதான் மகளின் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நூல் போல ஓடியது. எண்ண முயன்றேன், இருபதைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறியது. மறுபடி தொடங்கினேன். மறுபடி தவறியது. பெல்லை அழுத்தினேன். யாரும் வரவில்லை. இரண்டாவது முறை அழுத்தப் போனவளுக்கு அந்த ஆட்டையாம்பட்டி அம்மாவின் குரல் கேட்டது. ஓடினேன்.

நர்ஸ்கள் அறையில் ஒப்படைப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இரண்டாவது ஷிப்டுக்கு வந்திருந்த தேன்மொழி நோட்டை அப்படியே வைத்துவிட்டு எனக்கு முன்னால் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். போகிற போக்கில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைத் தள்ளிக்கொண்டே போயிருந்தாள்.

"அக்கா, கையக் குடுங்க" என்று சௌமியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். கண் கடிகாரத்தில். "வேகமா ஓடுதுல்ல? டாக்டரைக் கூப்பிடு" என்றேன். அவள் மறுகையின் ஒரு விரலை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்த அதே பெண். நான் வாயை மூடிக்கொண்டேன். முழு நிமிடம்.

"நூத்தி முப்பத்தொண்ணு" என்றாள். ரத்த அழுத்தம் எண்பத்தெட்டுக்கு ஐம்பத்தாறு. துணியை விலக்கிப் பார்த்தாள். ரத்தப்போக்கு இல்லை. அதைப் பார்த்து நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். அவள் விடவில்லை.

"எங்கக்கா வலிக்குது?"

"கீழ... என்னமோ உள்ளாற இருந்து அழுத்தற மாதிரி இருக்குது. உக்காரவே முடியலை."

"எப்ப இருந்து?"

"சாப்பாட்டு நேரத்துல இருந்தே. அம்மாதான் பெத்த உடம்புன்னா அப்படித்தான்னு..."

தேன்மொழி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு இன்று வரை அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். வார்டு பொறுப்பாளரிடம் கேட்காமல், பயிற்சி மருத்துவரிடம் சொல்லிக் காத்திராமல், வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவையே போனில் பிடித்தாள். "மேடம், காலையில டெலிவரி. பல்ஸ் நூத்தி முப்பத்தொண்ணு, நானே எண்ணினேன். வெளிய ரத்தம் இல்லை, ஆனா உள்ள இருக்கும்னு நெனைக்கறேன். வந்துருங்க."

டாக்டரம்மா வருவதற்குள் ஊசி போட்டு ஒரு கையில் சலைன் ஓட ஆரம்பித்திருந்தது. அந்த இடைவெளியில் தேன்மொழி அட்டையை எடுத்தாள். இரண்டு மணி, இரண்டரை, மூன்று மணி, மூன்று கட்டங்களின் மேலும் ஒரே ஒரு கோடு இழுத்தாள். கீழே இருப்பது படிக்க முடிகிற மாதிரி. அதுதான் முறை, அடித்து மறைக்கக் கூடாது. பக்கத்தில் 'பார்க்கப்படவில்லை' என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டாள். தன்னைவிடப் பத்து வருடம் மூத்தவளின் எழுத்தின் மேல்.

உள்ளே தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் கசிந்து, ரத்தம் வெளியே வராமல் சதைக்குள்ளேயே கட்டியாகிக்கொண்டிருந்தது. இரண்டு முப்பத்தைந்துக்குத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கட்டியை எடுத்து, குழாயைக் கட்டித் தைத்து, மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மாப்பிள்ளை சட்டையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து சேர்ந்தார். "என்னாச்சுங்க அத்தை? நல்லாத்தானே இருந்தா?" என்று கேட்டார். "நாடி கூடிருச்சுங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். நான் அட்டையைப் பார்த்ததைச் சொல்ல வாய் வரவில்லை. ஐந்தரைக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். "இன்னும் அரை மணி விட்டிருந்தா வேற மாதிரி பேசிட்டிருப்போம். இப்ப நல்லா இருக்கா" என்றார். மாப்பிள்ளை அவர் காலில் விழப் போய், டாக்டரம்மா பதறி விலகினார்.

மறுநாள் காலை தரப் பிரிவுப் பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். நான் பழக்கிவிட்ட பெண். தயங்கித் தயங்கி, "கருத்துப் படிவம் சிஸ்டர். நீங்க என்ன சொல்றீங்களோ அதையே போட்டுக்கறேன்" என்றாள். திரையில் ஐந்து முகங்கள். அந்த லாரிக்காரப் பெரியவர் ஏன் சிரிக்கிற முகத்தைத் தொட்டார் என்று எனக்கு அப்போது முழுதாகப் புரிந்தது. மகள் இன்னும் அவர்கள் கையில் இருந்தாள். மகேஸ்வரி எனக்குத் தெரிந்த பெண். அவள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். உண்மையை எழுதினால் அவள் வேலை போகலாம். எழுதாவிட்டால் அடுத்த கட்டிலில் இன்னொருத்தி மகள்.

எந்த முகத்தையும் தொடவில்லை. தாள் வாங்கி, சம்பவ அறிக்கை எழுதினேன். நேரம் நேரமாக எழுதினேன். ஒன்று நாற்பதுக்கு, 'நோயாளியின் தாய், ஓய்வு பெற்ற செவிலியர், நாடியைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தார்' என்று எழுதும்போது பேனா நின்று நின்று போனது. மூன்று மணி வரை முன்கூட்டியே நிரப்பியிருந்ததையும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், காலிக் கட்டங்களைச் சிவப்பில் காட்டும் முறையைத் தொடங்கியது நான் என்றும், அது பார்க்காததை எழுதப் பழக்கியது என்றும் எழுதிப் பெயர் போட்டேன். ஒருவரைத் தண்டித்து இதை முடித்துவிட வேண்டாம் என்று கடைசியில் ஒரு வரி.

நிர்வாகம் அதைக் குப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை. இப்போதைய நர்ஸிங் பொறுப்பாளர் அன்று மாலையே வார்டுக்கு வந்து என்னோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். மகேஸ்வரியை வேலையை விட்டு அனுப்பவில்லை. எச்சரிக்கைக் கடிதம் மட்டும் கொடுத்தார்கள். ஒன்றிலிருந்து மூன்று வரை பிரசவ வார்டுக்குக் கூடுதலாக ஒரு நர்ஸ் போட்டார்கள். சிவப்புப் பட்டியலை நிறுத்தினார்கள். இப்போது காலிக் கட்டத்தில் ஏன் பார்க்க முடியவில்லை என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும். அதை வைத்து எந்த நேரம் ஆள் போதவில்லை என்று பார்க்கிறார்களாம். தேன்மொழியிடம் கூட்டத்தில் சொன்ன வார்த்தைக்காக அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க சிஸ்டர், அதுக்கப்புறமும் நான் காலியாத்தானே உட்டுட்டிருந்தேன்" என்று சிரித்தாள்.

எனக்கு இன்னும் சரியாகவில்லை. மதியம் ஆனால் கை தானாக யார் மணிக்கட்டையாவது தேடுகிறது. பேத்தியின் கையை எடுத்து வைத்துக்கொள்கிறேன். அவள் நாடி எண்ண முடியாத வேகம். அந்த வேகம்தான் அவளுக்குச் சரி என்று புத்திக்குத் தெரியும், ஆனாலும் கண் சுவரில் கடிகாரத்தைத் தேடுகிறது.

மருத்துவமனையில் இருந்த முதல் மூன்று நாளும், அந்த மதியத்துக்குப் பிறகு மகேஸ்வரி எங்கள் கட்டில் பக்கம் வரவில்லை. அந்தப் பக்கம் வேலை இருந்தால் இன்னொருத்தியை அனுப்பினாள். நானும் கூப்பிடவில்லை. நான்காம் நாள், வீட்டுக்கு அனுப்பும் நாள், மதியம் இரண்டு மணிக்குத் திரை விலகியது. மகேஸ்வரி. கண் வீங்கியிருந்தது. கையில் அட்டை இல்லை, கடிகாரம் மட்டும். சௌமியாவின் பக்கத்தில் வந்து, "கையக் குடு சாமி" என்றாள்.

நான் எழுந்து, "மகேஸ்வரி, நான் எழுதினது உன்னைய..." என்று தொடங்கினேன். அவள் ஒரு விரலை உயர்த்தினாள். பேசாமல் உட்கார்ந்தேன். அவள் உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. குழந்தை சிணுங்கியது, அவள் கண் கடிகாரத்தை விட்டு அசையவில்லை. முள் ஒரு சுற்று முழுதாகச் சுற்றி முடித்தது.

அதன் பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்பத்தொம்பதுங்க சிஸ்டர்" என்றாள்.